புள்ளி வச்ச க்யூ பால் ப்ராக்டிஸுக்கு வொர்த்தா?

பூல் ப்ராக்டிஸ் சீரியஸா பண்றவங்க யாரா இருந்தாலும் இந்த சிவப்பு புள்ளி வச்ச வைட் பால் (குச்சியால நேரா அடிக்குறோமே, அந்த க்யூ பால்) ஒண்ணு வாங்கிடுங்க. பெரம்பூர்ல நாங்க ஆடுற பார்லர்ல இதை டேபிள்ல வச்சாலே "சாதா வைட்ல அடிச்சா பால் உள்ள போவாதா ப்ரோ" ன்னு கேக்குறாங்க. போவும், ஆனா வைட் என்ன சுத்து சுத்திச்சுன்னு தெரியாது, முழுசா வெள்ளையா இருக்குற பால் உருளுதா சறுக்குதா சைடு வாங்கி (பக்கவாட்டுல சுத்திக்கிட்டு) போவுதான்னு கண்ணுக்கு பிடிபடவே பிடிபடாது.

என்கிட்ட இருக்குறது அராமித் ப்ரோ கப், பெல்ஜியத்துல சலூக் கம்பெனி பண்றது, ஃபீனாலிக் ரெசின்னு கெட்டியான ப்ளாஸ்டிக், சுத்தி ஆறு புள்ளி. டிவில மேட்ச் பாக்குறவங்களுக்கு பாத்ததுமே தெரியும்.

இதை வச்சு முதல்ல பண்ண வேண்டியது ரொம்ப சிம்பிள். வேற பாலே வேணாம், வைட்டை மட்டும் நடு சென்டர்ல அடிச்சு எதிர் குஷன் (டேபிள் ஓர ரப்பர்) பட்டு திரும்பி வர வைங்க, புள்ளிங்க நேரா முன்னாடி உருண்டு போனா கை சரியா இருக்கு, சாஞ்சு சாஞ்சு போச்சுன்னா நமக்கே தெரியாம சைடு குடுக்குறோம்னு அர்த்தம். நம்ம ஏரியால நல்லா ஆடுற பசங்களுக்கே ஈஸி ஷாட் மிஸ் ஆவுறதுக்கு பாதி காரணம் இந்த தெரியாத சைடு தான்னு நான் அடிச்சு சொல்வேன்.

அடுத்தது ஸ்க்ரூ ஷாட், அதாவது வைட்டை கீழ அடிச்சு, வேற பால்ல பட்டதும் பின்னாடி வர வைக்குறது. ஃபோன்ல ஸ்லோ மோஷன் வச்சு எடுத்து பாருங்க, செம்மயா இருக்கும். கீழ அடிச்சதும் புள்ளிங்க பின்னாடி சுத்தும், துணி இழுக்க இழுக்க அந்த சுத்து கொறஞ்சு ஒரு இடத்துல புள்ளி அப்படியே நிக்கும் ஆனா பால் மட்டும் சறுக்கிட்டே போவும், அதுக்கப்புறம் முன்னாடி உருள ஆரம்பிக்கும். அந்த நிக்குற இடத்துல போய் ஆப்ஜெக்ட் பாலை (நாம குறி வைக்குற பாலை) தொட்டா அது தான் ஸ்டன், கட் ஷாட்ல, அதாவது ஓரமா தொட்டா, ஆப்ஜெக்ட் பால் போற லைன்ல இருந்து வைட் கிட்டத்தட்ட 90 டிகிரில பிரிஞ்சு போவும். உருண்டு போய் ஆப்ஜெக்ட் பால்ல பாதி மறைக்குற மாதிரி தொட்டா, தான் வந்த லைன்ல இருந்து 30 டிகிரி பக்கம் தான் திரும்பும். கோச் எத்தினி வாட்டி சொன்னாலும் ஏறாதது இதை ஒரு தடவை கண்ணால பாத்தா ஏறிடும். நம்ம பசங்க முக்காவாசி பேரு கேரம்ல இருந்து வர்றவங்க, ஸ்ட்ரைக்கர் எப்பவும் சறுக்கிட்டே தான் போவும் உருளாது, அதனால வைட் உருளுறதுங்குற விஷயமே அவங்க கணக்குல இருக்காது, அவங்களுக்கு இந்த பால் ரொம்பவே யூஸ் ஆவும்.

ஆனா ஒண்ணு, வெயிட் பாத்து வாங்கணும். பூல் பால் 156ல இருந்து 170 கிராம் வரைக்கும் இருக்கலாம். பார்லர்ல வருஷக்கணக்கா அடிபட்ட செட் தேஞ்சு லேசாயிருக்கும், அதுகூட புது வைட்டை போட்டா வைட் தான் கனம். ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம் சொச்சம், அதனால தானே அடிச்சப்புறமும் ஸ்ட்ரைக்கர் முன்னாடி தள்ளிட்டு போவுது, அதே கதை சின்ன அளவுல இங்கயும் நடக்கும், ஸ்க்ரூ கொறச்சலா தான் வரும், ஸ்டன் ஷாட்ல வைட் கொஞ்சம் முன்னாடி நழுவும். நான் மார்க்கர் அண்ணன்கிட்ட (பார்லர்ல டேபிள் பாத்துக்குறவர்) கேட்டு செட்ல ரெண்டு பாலையும் என் வைட்டையும் தெரிஞ்ச நகைக்கடை தராசுல வச்சு பாத்துட்டு தான் ப்ராக்டிஸ் ஆரம்பிச்சேன், நீங்களும் அப்படி பண்ணிடுங்க. சைஸும் செக் பண்ணுங்க, பூலுக்கு 57.2 எம்எம், ஸ்னூக்கருக்கு 52.5, ஆன்லைன்ல ரெண்டுமே புள்ளி வச்சு வருது.

காசிமேடு, தண்டையார்பேட்டை சைடுல ஆடுறவங்க இன்னொண்ணு கவனிங்க, கடக்காத்து ஈரத்துல துணி நமுத்து கெடந்தா சுத்து சீக்கிரம் செத்துடும். மழை நாள்ல அதே ஸ்க்ரூ ஏன் வரலன்னு புள்ளிய பாத்தாலே புரியும், கையை மாத்தணும்னு அவசியமில்ல. ஆடி முடிச்சதும் சாக் பவுடர் போவ மெத்து துணில தொடச்சு வைங்க, அழுக்கு பால் ஆப்ஜெக்ட் பாலை லைன்ல இருந்து இழுத்துடும்.

ஒரிஜினல் ஆயிரக்கணக்குல வரும், விலை ஜாஸ்தி தான். அதுக்காக பெயின்ட்ல புள்ளி வச்ச டூப்ளிகேட் வாங்காதீங்க, ஃப்ரெண்டு ஒருத்தன் வாங்குனதுல புள்ளி சொரண்டிட்டு போயி மறுபடி வெறும் வைட் ஆயிடுச்சு. கைல காசு இல்லாத பசங்க செட்ல இருக்குற ஒன்பதாம் நம்பர் பாலை எடுத்து கோடு நேரா நிக்குற மாதிரி வச்சு அதையே வைட்டா அடிங்க. கோடு ஆடாம உருண்டா சைடு இல்ல, ஆடினா இருக்கு. ஸ்டன்னுக்கு அது அவ்ளோ க்ளியரா காட்டாது, ஆனா கை நேரா போவுதான்னு பாக்க அது போதும்.