பட்டை வாசனை பைன் கோன் பை: காசுக்குத் தகுமா?

செப்டம்பர் கடைசியிலிருந்தே அமெரிக்க மளிகைக் கடைகளின் வாசலில், பூசணிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில், வலைப் பைகளில் பைன் கோன்கள், அதாவது அலங்காரத்துக்கு வைக்கும் பைன் மரத்துக் கூம்புக் காய்கள், வந்து இறங்கிவிடும். கதவு திறந்ததுமே பட்டை வாசனை மூக்கில் ஏறுகிறது. பாதிப் பேர் அதிலேயே மயங்கி ஒரு பையைத் தள்ளுவண்டியில் போட்டுவிடுகிறார்கள். வாசனை சேர்க்காத கோன்கள் கைவினைப் பொருள் கடைகளில் தனியாகக் கிடைக்கும். கிறிஸ்துமஸ் முடியும்வரை வீட்டில் வைக்கப் போகிறீர்கள் என்றால் அதைத்தான் வாங்க வேண்டும்.

வாசனைப் பையின் குறை, அதன் வாசனைதான். பிரித்த புதிதில் தலை வலிக்கும் அளவுக்கு நெடி. நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வருவதற்குள் மூக்கருகே பிடித்தால்தான் தெரியும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களோ பூனையோ இருந்தால் வேண்டவே வேண்டாம். மேல்தடவிய எண்ணெய் மர மேசையின் வார்னிஷை இளக்கிவிடும் என்பதால், கண்ணாடிக் கிண்ணத்திலோ எவர்சில்வர் தட்டிலோ மட்டுமே வைக்கலாம். வாசனை கட்டாயம் வேண்டுமென்றால் நாமே ஏற்றிக்கொள்வது மலிவு: நன்றாகக் காய்ந்த வாசனையில்லாத கோன்களை ஜிப் பையில் போட்டு, பட்டை எண்ணெயோ கிராம்பு எண்ணெயோ 10 முதல் 15 சொட்டு விட்டு, ஒரு வாரம் மூடி வைத்து அவ்வப்போது குலுக்கினால் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பட்டை எண்ணெய் தோலில் பட்டால் எரியும்.

வாங்கும்போது பையைத் தூக்கிப் பிடித்து அடியில் பாருங்கள். உடைந்த இதழும் (கோனின் செதில்) தூளும் குவிந்திருந்தால் வேறு பையை எடுங்கள். எந்த மரத்துக் கோன் என்பதும் முக்கியம். லாப்லாலி பைன் 3 முதல் 6 அங்குலம் இருக்கும், கெட்டியானது, ஆனால் ஒவ்வோர் இதழ் நுனியிலும் கூரான முள் உண்டு; தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு ஆகாது. கிழக்கத்திய வெள்ளைப் பைன் ஒல்லியாக, நீளமாக, முள்ளில்லாமல் இருக்கும். நுனியில் வெள்ளையாகப் படிந்த பிசினே அதற்குப் பனி விழுந்த தோற்றத்தைத் தந்துவிடும், தனியாகச் சாயம் பூச வேண்டியதில்லை. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தின் அதிகாரபூர்வ மலர் இந்தக் கோன்தான், 1895 முதல்!

தரையில் பொறுக்கியவை என்றால் அவனில் (பேக்கிங் அடுப்பில்) காட்டாமல் உள்ளே கொண்டுவரக் கூடாது. தட்டில் அலுமினியத் தாள் விரித்து, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரை மணி முதல் ஒரு மணி நேரம். பூச்சி சாகும், பிசின் உருகிப் பளபளப்பாகும், மூடிய இதழ்கள் விரியும். பிசின் தீப்பிடிக்கும் பொருள், அதனால் அடுப்பை விட்டு நகரக் கூடாது. வாசனை ஏற்றியதையும் சாயம் பூசியதையும் அவனில் வைக்கவே கூடாது. பூச்சி என்பது வெறும் பயமுறுத்தல் இல்லை: 2003-04 குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து இறக்குமதியான வாசனைக் கோன்களுக்குள் வண்டு இருந்ததால், அமெரிக்க வேளாண் துறை அவற்றைத் திரும்பப் பெறவைத்தது.

பலரும் ஏமாறுவது, கோன்களை வளையத்தில் கோத்துக் கதவில் மாட்டும் மாலையில்தான். மழைக்காலத்தில் வாசலில் மாட்டிய மாலையில் கோன்கள் மறுநாள் மூடிச் சுருங்கிப் போயிருக்கும். சரக்கு மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். ஒவ்வோர் இதழிலும் இரண்டு அடுக்குகள் உண்டு. ஈரம் பட்டால் வெளி அடுக்கு உள் அடுக்கைவிட அதிகமாக நீளும், இதழ் உள்நோக்கி வளைந்து மூடிக்கொள்ளும். மரத்திலிருந்து விழுந்து வருடக்கணக்கானாலும் இது நிற்காது. உள்ளே எடுத்து வைத்தால் ஓரிரு நாளில் தானாக விரியும். இதே காரணத்தால்தான் பாதி மூடிய கோனைப் பசை போட்டு ஒட்டினால் பிறகு பிடுங்கிக்கொண்டு விழுகிறது. விரியும்போது பக்கத்துக் கோனையும் தள்ளிவிடும். முழுக்க விரிந்ததை மட்டும் ஒட்டுங்கள். கதவு வெயில் படுகிற பக்கம் இருந்தால் சூட்டுப் பசை இளகிவிடும், கடுங்குளிரில் விறைத்து விட்டுப்போகும். அங்கே கம்பிதான் சரி: 22 கேஜ் (தடிமன் அளவு) பூக்கம்பியைக் கடைசி வரிசை இதழ்களுக்குள் நுழைத்துச் சுற்றி, இரண்டு முனைகளையும் முறுக்கி, மாலையின் இரும்பு வளையத்தில் கட்டிவிடலாம்.

வெளுத்த கோன்கள் விலை கூடுதல். வீட்டிலேயே செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் பொறுமை வேண்டும். பாதிக்குப் பாதி பிளீச்சும் தண்ணீருமாகக் கலந்து, கோன் மிதக்காமல் மேலே தட்டு வைத்து அழுத்தி, ஒரு நாள் முழுக்க ஊற வேண்டும். மூடிய இதழ்கள் திரும்ப விரியப் பல நாள் ஆகும். திறந்த வெளியில் செய்யுங்கள், அந்த வாளியில் வினிகரோ அம்மோனியாவோ சேரக் கூடாது. கடையில் கிடைக்கும் அப்பழுக்கற்ற வெண்மை வராது, மணல் நிறம் வரும். அதுவே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

கொலு வைக்கும் வீடுகளுக்கு இன்னொரு லாபம்: சின்னக் கோன்களை நிமிர்த்தி நிறுத்தி நுனியில் பச்சைச் சாயம் தொட்டால் பூங்காவுக்கு மரங்கள் தயார். அகல் விளக்கிலிருந்து மட்டும் தள்ளி வையுங்கள். சீசன் முடிந்ததும் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் அட்டைப் பெட்டியில் போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்காது. வாசனை போய்விட்டதே என்று அந்த எண்ணெய்க் கோன்களை எடுத்துக் கணப்பில் போடுவது வேண்டாத வேலை, குப்பைக்கே போகட்டும்.