டீசலா, பெட்ரோலா: மதுரை ஓட்டத்துக்கு எது தாங்கும்?

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஐந்து குதிரைத்திறன் ஆயில் இன்ஜின் ஒன்று கிடந்து உழைத்தது. நிமிடத்துக்கு 650 சுற்றுதான். இருபது வருஷத்தில் இரண்டே முறை பிஸ்டன் ரிங் மாற்றினோம். "டீசல்னா டீசல்தான்" என்று அப்பா சொல்வதற்கு அதுவே சாட்சி. அதை நம்பித்தான் 2021-இல் டீசல் கார் வாங்கினேன். மூன்றாம் வருஷமே பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா சொன்னதில் தப்பில்லை. டீசலுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை நசுக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அதற்குக் காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அழுத்த வேண்டும். பெட்ரோலுக்குப் பத்து, பதினொன்று போதும். அந்த அடியைத் தாங்கத்தான் டீசலில் பிளாக், கிராங்க், கனெக்டிங் ராடு எல்லாம் கனமாக இருக்கின்றன. இழுவையும் 2,000 சுற்றிலேயே கிடைத்துவிடும். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஆண்டிபட்டிக் கணவாய் ஏறிப் பாருங்கள்: டீசல் வண்டி முனகாமல் போகும், சாதாரண பெட்ரோல் வண்டி கியரைக் குறைத்து 4,000 சுற்றில் அலறும். சுற்று கூடக் கூடத் தேய்மானமும் கூடும். போதாததற்கு, காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது பெட்ரோல், சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். டீசலுக்கு இயல்பிலேயே எண்ணெய்ப் பசை உண்டு. குவாலிஸும் பழைய இன்னோவாவும் மூன்று, நான்கு லட்சம் கிலோமீட்டர் இன்ஜின் வேலை இல்லாமல் ஓடிய கதையை மாட்டுத்தாவணி டாக்ஸிக்காரர்கள் சொல்வார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பெட்ரோல் காரும் இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஆனாலும் இரும்பின் ஆயுளில் டீசலுக்கே என் ஓட்டு.

செலவு வைப்பது இரும்பு இல்லை, அதைச் சுற்றி மாட்டியிருக்கும் சாமான்கள். பழைய டீசலில் நாசிலும் பம்பும் பார்த்தால் முடிந்தது. பிறகு காமன் ரெயில் (டீசலை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் அமைப்பு), டர்போ (இன்ஜினுக்குள் காற்றைத் திணிப்பது), இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுவது) என்று ஒவ்வொன்றாய் வந்தன. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரும் சேர்ந்து ஒரு பட்டாளமே கூட இருக்கிறது. மாருதி அந்த நேரத்தில் டீசல் காரையே நிறுத்தியது.

என்னை உட்கார வைத்தது இந்த டிபிஎஃப்தான். அது பிடித்து வைக்கும் கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அதற்கு வண்டி நிற்காமல் ஓட வேண்டும். என் வண்டியோ தினமும் கோரிப்பாளையம், சிம்மக்கல், டவுன்ஹால் ரோடு என்று ஆறு கிலோமீட்டர் ஊர்ந்தது. சூடேறுவதற்குள் வேலைக்கே போய்ச் சேர்ந்துவிடுவேன். டாஷ்போர்டில் டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஒரு பட்டறையில் டிபிஎஃப்பையே மாற்றச் சொன்னார்கள், ஒரு லட்சத்தை ஒட்டி வரும் என்றார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இன்னொரு மெக்கானிக் அண்ணன், "ஒண்ணும் கழட்ட வேணாம் தம்பி, மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டி வரைக்கும் எண்பதுல போய்ட்டு வாங்க" என்றார். திரும்பி வரும்போது விளக்கு அணைந்திருந்தது. இதைக் கவனிக்காமல் விட்டால் பாதியில் நின்றுபோன எரிப்பில் டீசல் கசிந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்தால் டர்போவும் பேரிங்கும் போகும். நாலு வழிச்சாலையில் வேகமாக வந்து நிறுத்தும்போது ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள். டர்போவுக்கு நீங்கள் செய்யும் பெரிய உபகாரம் அது.

பெட்ரோலில் இந்தத் தலைவலி குறைவு. நாலு ஸ்பார்க் பிளக்குக்கு ஆயிரம், இரண்டாயிரம். டீசலில் ஒரே ஒரு இன்ஜெக்டருக்கே பத்தாயிரத்துக்கு மேல். ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கிளட்ச் எல்லாமே ஒரு படி விலை கூடத்தான். பெட்ரோல்காரர்கள் கவனிக்க வேண்டியது எத்தனால். பெட்ரோலில் இப்போது அதை 20 சதவீதம் கலக்கிறார்கள். பழைய வண்டியில் அது ரப்பரைக் கெடுக்கலாம், எரிபொருள் ரப்பர் ஹோஸை அடிக்கடி பாருங்கள்.

கணக்குக்கு வருவோம். லிட்டர் பெட்ரோல் 101, டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மைலேஜ் பெட்ரோலில் 15, டீசலில் 20. டீசல் வண்டி ஒன்றேகால் லட்சம் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசலில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய் மிச்சம். கூடுதலாகப் போட்டது திரும்பி வர 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ராமேஸ்வரம், கொடைக்கானல் என்று மாதம் 4,000 ஓட்டும் என் மைத்துனருக்குப் பதினைந்தே மாதம். மாதம் 800 ஓட்டும் எனக்கு ஆறு வருஷத்துக்கு மேல், அதுவும் பட்டறைச் செலவைச் சேர்க்காமல். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுப்பதற்கு முன்னால் இரண்டுக்கும் இருந்த பெரிய வித்தியாசம் இப்போது இல்லை. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு நான் பெட்ரோலைத்தான் சொல்வேன். நானும் மாறிவிட்டேன்.

பழைய டீசல் வாங்கப் போகிறீர்களா? இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். லேசான ஆவி வந்தால் பரவாயில்லை. குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் போய்விட்டது. கிலோமீட்டர் மீட்டர் என்ன காட்டினாலும் விலை பேசாமல் கிளம்பி வந்துவிடுங்கள்.