வம்சமா, வாய்க்கட்டா, மனசா: முதுமையில் எது கைகொடுக்கும்?

தொண்ணூறு தாண்டி ஒருவர் போய்ச் சேர்ந்தால் நம் ஊரில் அதைக் கல்யாணச் சாவு என்பார்கள். பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம் பேசுவது, மனுஷன் எப்படி இத்தனை நாள் இருந்தார் என்பதைத்தான். ஒருவர், "அவங்க வம்சமே அப்படி" என்பார். இன்னொருவர், "வாயைக் கட்டினாருப்பா, ராத்திரி ரெண்டு இட்லிக்கு மேல தொட மாட்டார்" என்பார். மூன்றாமவர், "மனசுல எதையும் வச்சுக்க மாட்டாரு, அதான்" என்று முடிப்பார். மரபு, வாழ்முறை, மனப்பான்மை. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக எடைபோட்டுக் கொண்டிருப்பதும் இந்த மூன்றையேதான். மூன்றுக்கும் பங்கு உண்டு என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் பங்கு சமமாக இல்லை. எந்த வயதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து முதலிடமும் கைமாறுகிறது.

முதலில் வம்சம். டென்மார்க்கில் 1870-க்கும் 1900-க்கும் இடையில் பிறந்த 2,872 ஜோடி இரட்டையர்களின் ஆயுளை ஒப்பிட்டு 1996-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள், தனித்தனிக் கருவிலிருந்து வந்த இரட்டையர்களைவிட எவ்வளவு ஒத்த வயதில் இறக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மனிதருக்கு மனிதர் ஆயுள் வேறுபடுவதில் மரபின் பங்கு ஏறத்தாழக் கால்வாசி என்று கணக்கு வந்தது. 2018-ல், 40 கோடிக்கும் மேற்பட்டவர்களின் குடும்ப மர விவரங்களை வைத்து நடந்த ஆய்வு அதையும் குறைத்தது. ரத்த சம்பந்தமே இல்லாத சம்பந்தி வீட்டாரின் ஆயுளும் ஒத்துப்போவதை அவர்கள் கவனித்தார்கள். ஒரே மாதிரி வசதி, பழக்கவழக்கம் உள்ள குடும்பங்களுக்குள்தானே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம்! அதைக் கழித்தபின் மரபின் பங்கு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே போய்விட்டது. விபத்துச் சாவையும் தொற்றுநோய்ச் சாவையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் பாதி வரை வரும் என்று வாதிடுபவர்களும் உண்டு. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் ஆதாரம் வலுவாக இருக்கிறது. வயது ஏற ஏற மரபின் கை ஓங்குகிறது. வட ஐரோப்பிய நாடுகளின் இருபதாயிரம் இரட்டையர்களைப் பார்த்தபோது, அறுபது வயதுக்கு முன்னால் ஏற்படும் மரணங்களில் மரபின் தடம் மிகக் குறைவாகவும், அதற்குப் பிறகு கூடிக்கொண்டே போவதாகவும் தெரிந்தது. அமெரிக்காவில் நூறு வயதைத் தொட்டவர்களின் சகோதரர்களுக்கு, அதே காலத்தில் பிறந்த மற்ற ஆண்களைவிட அந்த வயதை எட்டும் வாய்ப்பு 17 மடங்கு, சகோதரிகளுக்கு 8 மடங்கு. நியூயார்க்கில் 95 வயதைத் தாண்டிய 477 யூதர்களிடம் நடுவயதுப் பழக்கங்களைக் கேட்டபோது, அவர்கள் ஒன்றும் பெரிய ஒழுக்கசீலர்களாக இருந்திருக்கவில்லை. புகையிலும் மதுவிலும் உடற்பயிற்சியிலும் அவர்கள் தலைமுறையின் மற்றவர்களைவிட மேலானவர்கள் என்று சொல்ல முடியவில்லை. அந்த உயரத்துக்குப் போக மரபு துணை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

"எங்க தாத்தா கடைசி வரைக்கும் சுருட்டு பிடிச்சார், தொண்ணூத்தி மூணு வரைக்கும் இருந்தாரே" என்ற வாதத்துக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. உலகிலேயே அதிக வயது வாழ்ந்ததாகப் பதிவான பிரான்சின் ழான் கால்மோன் (1875–1997) நூறு தாண்டியும் சிகரெட் பிடித்தவர். 122 வயது வரை இருந்தார். அவருடைய அண்ணன் 97 வரை இருந்தார். அந்தக் குடும்பத்துக்கு வாய்த்தது நமக்கும் வாய்க்கும் என்று எதை வைத்து நம்புவது? பிரிட்டனில் 34,439 ஆண் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்பே இறந்தார்கள். தாத்தா மட்டும் நினைவில் நிற்கிறார், அவரோடு சேர்ந்து புகைத்து ஐம்பத்தைந்தில் போனவர்களின் பெயர் குடும்பப் பேச்சில் வருவதில்லை. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது: அறுபது வயதில் நிறுத்தியவர்களுக்கும் மூன்று ஆண்டு மிஞ்சியது, ஐம்பதில் நிறுத்தியவர்களுக்கு ஆறு, நாற்பதில் ஒன்பது.

வாழ்முறையின் பக்கம் நின்று பேச எனக்குப் பிடித்த சாட்சி ஒகினாவா. ஜப்பானின் தெற்குக் கோடியில் இருக்கும் இந்தத் தீவுகள் நீண்ட ஆயுளுக்குப் பெயர்போனவை. (நூறு வயதுக்காரர்களின் எண்ணிக்கையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இரண்டாம் உலகப் போரில் அங்கே குடும்பப் பதிவேடுகள் பெரும்பாலும் அழிந்துபோயின. அதனால் சராசரி ஆயுளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.) போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்த மக்கள் சாப்பிட்ட மொத்தக் கலோரியில் பாதிக்கு மேல் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. கூடவே கீரை, சோயா, கொஞ்சம் மீன், எப்போதாவது பன்றி இறைச்சி. வயல் வேலை, தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம், மாதம் ஒருமுறை கூடிப் பணம் போட்டு ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் மொஆய் என்ற சிறு குழுக்கள். 1985-ல் ஜப்பானின் 47 மாநிலங்களில் ஆண்கள் ஆயுளில் ஒகினாவா முதலிடத்தில் இருந்தது.

1972 வரை அந்தத் தீவுகள் அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தன. டோக்கியோவுக்கு மெக்டொனால்ட்ஸ் வந்தது 1971-ல். ஒகினாவாவில் 1963-லேயே பர்கர் கடை திறந்துவிட்டது. டப்பா இறைச்சி அன்றாடச் சமையலில் சேர்ந்துகொண்டது. ரயில் இல்லாத ஊரில் நாலு எட்டு தூரத்துக்கும் கார். 2000-ல் ஆண்கள் 26-ஆம் இடத்துக்குச் சரிந்தார்கள், ஜப்பான் முழுக்க அது அதிர்ச்சிச் செய்தியானது. 2020 கணக்கில் 43-ஆம் இடம். ஒரே தலைமுறையில் மரபணு மாறவில்லை. கிழங்கு தின்று வயலில் நின்ற அப்பாவின் ஜீன்தான், காரில் போய் வறுத்த கோழி வாங்கும் மகனிடமும் இருக்கிறது. எதிர்த்திசையிலும் ஓர் ஊர் உண்டு. பக்கவாதத்துக்குப் பெயர்போன நாகனோ மாநிலத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் உப்பை அளந்து குறைக்கச் சொன்னார்கள். 1990-ல் ஆண்கள் ஆயுளில் முதலிடம் அந்த ஊருக்கு.

சரி, நம் கதைக்கு வருவோம். ஹார்ட் அட்டாக் நம்மவர்களுக்குச் சீக்கிரம் வருகிறது என்பது ஊரறிந்த செய்தி. 52 நாடுகளில் நடந்த ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்ற நாட்டவருக்கு 59-ஐ ஒட்டி. ரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது என்றுதான் உடனே தோன்றும். ஆனால் அந்த ஆய்வாளர்கள் புகை, சுகர், பிரஷர், கொழுப்பு, வயிற்றுப் பருமன் போன்றவற்றைக் கணக்கில் எடுத்தபோது, இந்த முன்கூட்டிய வருகையின் பெரும்பகுதிக்கு அவையே காரணமாக நின்றன. நம்மிடம் அவை இளம் வயதிலேயே குடிபுகுந்துவிடுகின்றன.

என் அப்பா வழியில் எல்லாருக்கும் சுகர். பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நாற்பத்தைந்தை ஒட்டி வந்தது. "வர்றது வந்துதான் தீரும்டா, எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு" என்பார் பெரியப்பா. மாத்திரையை நினைத்தால் போடுவார், விசேஷ வீடென்றால் விடுவார். ஒருநாள் செருப்புக்குள் கிடந்த சின்னக் கல் உறுத்தியதே அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் செருப்பைக் கழற்றியபோது விரலடியில் ரத்தம். அந்தப் புண்ணில் ஆரம்பித்து இரண்டு விரல் போனது, பிறகு கிட்னியும். சித்தப்பா தட்டில் சோற்றை ஒரு கரண்டியாக்கி மீதி இடத்தைக் கூட்டுக்கும் பொரியலுக்கும் கொடுத்துவிட்டார். தினமும் சாயங்காலம் ஏரிக்கரை வரை நடை. ராத்திரி படுக்கும் முன்னால் சித்தி டார்ச் அடித்து அவர் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்ப்பார், வெடிப்போ கொப்புளமோ இருந்தால் மறுநாளே டாக்டர். இப்போது எழுபத்தெட்டு. போன ஆண்டு பேத்தி கல்யாணத்தில் பந்தி முழுக்கச் சாம்பார் வாளியோடு நடந்தார்.

ஒரு வீட்டுக் கதை ஆதாரமாகாது என்று எனக்குத் தெரியும். அதற்குத்தான் சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு. சுகரின் வாசலில் நின்ற 531 பேரைப் பிரித்து மூன்று ஆண்டு கவனித்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சுகர் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40 பேருக்கு. மாத்திரையும் நடையும் சமம்! இதில் இன்னொரு பக்கமும் தெரிகிறது: எல்லாம் சரியாகச் செய்தும் 39 பேருக்கு வந்தே விட்டது. சுகர் வந்தவரைப் பார்த்து "கண்டதைத் தின்னிருப்பே" என்று பேசுவது எவ்வளவு அநியாயம் என்று இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

மனசுக்கு வருவோம். இங்கேதான் ஆய்வுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அமெரிக்கக் கன்னியாஸ்திரிகள் 180 பேர், இருபதுகளின் தொடக்கத்தில் தம் கைப்பட எழுதிக்கொடுத்த வாழ்க்கைக் குறிப்புகளைப் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் எடுத்துப் படித்தார்கள். சந்தோஷம், நன்றி, ஆர்வம் நிறைந்த குறிப்பு எழுதியவர்கள், வறட்டுத் தகவலாக எழுதியவர்களைவிட ஏழு முதல் பத்து ஆண்டு வரை கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி வேலை, திருமணமில்லை, புகையில்லை. வாழ்முறை வேறுபாட்டைக் காரணம் காட்ட இடமே இல்லாத ஓர் இடம் என்பதால் இந்த ஆய்வுக்குத் தனி மதிப்பு.

அப்புறம் பிரிட்டனிலிருந்து ஏழு லட்சம் பெண்களைத் தொடர்ந்த ஆய்வு வந்தது. சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னவர்களும் சொல்லாதவர்களும் ஒரே அளவில்தான் இறந்தார்கள், ஏற்கெனவே இருந்த நோயையும் புகைப்பழக்கத்தையும் கணக்கில் எடுத்த பிறகு. நோய்தான் சிரிப்பைப் பறித்திருந்தது. சிரிப்பில்லாததால் நோய் வந்ததாகத் தெரியவில்லை. கலிஃபோர்னியாவில் 1921 முதல் தொடரப்பட்ட ஆயிரத்து ஐந்நூறு சிறுவர் சிறுமியரில், எப்போதும் கலகலவென்று இருந்த பிள்ளைகள் கொஞ்சம் முன்னதாகவே போனார்கள். நீடித்தவர்கள், சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்கிற பொறுப்பான பிள்ளைகள்.

இவற்றை வைத்துப் பார்த்தால் கலகலப்புக்கு நாம் தரும் மதிப்பு கூடுதல் என்றே எனக்குப் படுகிறது. கவனிக்க வேண்டிய மனப்பான்மை வேறு. அமெரிக்காவின் ஒஹையோவில் 660 பேரை 1975 முதல் தொடர்ந்தபோது, தம் முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். இதன் எதிர்ப்பக்கத்தை நம் வீடுகளில் தினமும் கேட்கிறோம். முட்டி வலி என்றால், "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." காது மந்தம் என்றால், "இந்த வயசுல மெஷின் எதுக்கு?" பெரியவர் சொன்னாலும் பிள்ளைகள் சொன்னாலும் விளைவு ஒன்றுதான். பிசியோதெரபி பாதியில் நிற்கும், கண்புரை ஆபரேஷன் தள்ளிப்போகும். பெரியப்பாவின் "வந்துதான் தீரும்" இந்த ரகம். மனசு தன் வேலையில் பாதிக்கு மேல் வாழ்முறை வழியாகத்தான் செய்கிறது.

ஆக என் தராசில், எண்பது, எண்பத்தைந்து வரை திடமாக இருப்பதில் வாழ்முறைக்கே முதலிடம், அதைத் தொடங்கவும் விடாமல் பிடிக்கவும் மனப்பான்மை. தொண்ணூற்றைந்துக்கு மேல் வம்சத்தின் தயவு. குடும்பத்தில் இளவயது ஹார்ட் அட்டாக் இருப்பவர்கள் வாழ்முறையை மற்றவர்களைவிட அதிகம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐம்பத்தைந்தாயிரம் பேரின் மரபணுவைப் பார்த்த 2016 ஆய்வில், மரபு அபாயம் அதிகமுள்ளவர்களிலும் நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு இதயநோய் ஆபத்து கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது.

எழுபத்தைந்தைத் தாண்டினால் வாழ்முறை என்பதன் பொருளே மாறிவிடுகிறது, இதை நம் வீடுகள் கவனிப்பதில்லை. அதுவரை எதைக் குறைப்பது என்று பார்த்தோம், இனி எது குறைகிறது என்று பார்க்க வேண்டும். ராத்திரி வெறும் கஞ்சியோ இரண்டு இட்லியோ போதும் என்று விட்டால் தசை கரையும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், கிட்னி நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், தயிர், கெட்டியான பருப்பு. சுகரை மிக இறுக்கிப் பிடித்தால் தாழ்சர்க்கரையில் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறியும், அந்த வயதில் பல டாக்டர்கள் இலக்கைக் கொஞ்சம் தளர்த்துவது அதனால்தான். கைப்பிடியை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கலாம். முடியவில்லை என்றால் இனி நேரமில்லை என்று நினைக்க வேண்டாம். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு 1990-ல் எட்டு வாரம் எடை தூக்கும் கால் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் பாதியில் நிறுத்தினார். மற்ற ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது.