ஒரு மெழுகுக் கட்டிக்காக நான்கு நாள்: கிருஷ்ணகிரிப் பயணம்

பிரிஸ்பேனிலிருந்து மூன்று வார லீவில் ஊருக்குப் போனேன். மாம்பழ சீசன், ஒரு கல்யாணம், குலதெய்வம் கோயில் என்று எல்லாம் இருந்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால் லேப் வாசலில் நின்ற நான்கு நாள்தான் முன்னால் வருகிறது.

பெரியப்பா மாங்காய் மண்டியில் கணக்கு எழுதியவர். எங்கள் பக்கம் களியை மெல்ல மாட்டோம், குழம்பில் புரட்டி அப்படியே விழுங்குவோம். "களி இறங்க மாட்டேங்குது" என்று அவர் சொல்ல ஆரம்பித்தே ஆறு மாதம் ஆகிவிட்டதாம். தாடைக்குக் கீழே வலியில்லாத ஒரு கட்டியும் இருந்தது. டான்சிலில் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது.

அப்புறம் போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "பீடியா, பாக்கா?" பெரியப்பா வெற்றிலைகூடப் போடாதவர். சீட்டு எழுதும் பையன்கூட "உண்மையைச் சொல்லுங்க பெரியவரே" என்றான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நம் ஊரில் வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் புகையிலையும் பாக்கும்தான் காரணம், அதனால் கேட்பதில் தப்பில்லை. இல்லை என்று சொன்ன பிறகும் நம்பாமல் கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் வரும் புற்றுநோய்க்கு எச்பிவி என்ற வைரஸும் காரணமாகலாம். அதில் 16ஆம் வகைதான் முக்கியமான குற்றவாளி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் அதே வைரஸ்தான். அதைக் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் கிடைத்தது. இந்த வைரஸ் தொற்றினால் பெரும்பாலோருக்கு உடம்பே ஓரிரு வருடத்தில் விரட்டிவிடும். சிலருக்கு டான்சிலின் ஆழமான மடிப்புகளுக்குள் தங்கிவிடுகிறது. அதன் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்கள், செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் காவல் புரதங்களை முடக்கிவிடுகின்றன. புற்றுநோயாக வெளியே தெரிவதற்குப் பல வருடம், சிலருக்குப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம்.

பெரியப்பாவுக்கு வந்தது இந்த வைரஸாலா என்று தெரிந்துகொள்ள இன்னொரு முறை சதை எடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே எடுத்த சதையை மெழுகில் பதித்து 'பிளாக்' என்று வைத்திருப்பார்கள். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து பி16 என்ற சோதனை செய்தால் போதும். ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, யாரும் கேட்கவில்லையாம். சரி, பிளாக்கை வாங்கி பெங்களூருக்குக் கொண்டுபோவோம், தொண்ணூறு கிலோமீட்டர்தானே என்று கிளம்பினேன்.

முதல் நாள், "சார் இல்ல, நாளைக்கு வாங்க." இரண்டாம் நாள், டாக்டர் லெட்டர் வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் லெட்டரோடு போனால் அதில் சீல் இல்லை. ரவுண்டானாவுக்கும் லேப்புக்கும் வெயிலில் எத்தனை ஆட்டோ பிடித்தேன் என்று கணக்கே இல்லை. பிரிஸ்பேனில் ஒரு லேப்பிலிருந்து இன்னொரு லேப்புக்கு பிளாக் தானாகப் போய்விடும். அப்படி ஒன்று இருப்பதே நோயாளிக்குத் தெரியாது. அங்கே ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதும் உண்மைதான். இங்கே சாயங்காலம் கிளினிக்கில் காட்டி மறுநாளே சதை எடுத்துவிட்டார்கள். அவ்வளவு வேகமாக எடுத்ததை அட்டைப்பெட்டியில் போட்டு மறந்துவிட்டார்களே என்றுதான் ஆற்றாமையாக இருந்தது.

நான்காம் நாள் டெக்னீஷியன் பெண் ஒருத்தி, "உக்காருங்கக்கா, நான் பாக்குறேன்" என்று சாப்பாட்டு நேரத்தில் தரையில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகத் தேடினாள். ஒரு மணி நேரம் கழித்து, நம்பர் பாதி அழிந்த பிளாக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெங்களூரிலிருந்து பி16 பாசிடிவ் என்று ரிப்போர்ட் வந்தது. இப்போதைக்கு இதனால் கதிர்வீச்சு, கீமோ அட்டவணை பெரிதாக மாறாது. ஆனால் நோயின் போக்கு வேறு. 2010இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், எச்பிவி உள்ளவர்களில் சுமார் 82 சதவீதம் பேர் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள். இல்லாதவர்களில் 57 சதவீதம். வைரஸின் புரதங்கள் உடம்புக்கு அந்நியமானவை. அதனால் உடம்பின் நோய் எதிர்ப்புப் படையான டி செல்கள் அவற்றை அடையாளம் கண்டு கட்டிக்குள்ளேயே கூடுகின்றன, அதுவும் ஒரு காரணம். கட்டியும் சும்மா இருப்பதில்லை, பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி அந்த டி செல்களை அடக்கப் பார்க்கும். அந்தப் பிடியை விடுவிக்கும் மருந்துகள் 2016 முதல், நோய் திரும்பியவர்களுக்கும் பரவியவர்களுக்கும் வந்திருக்கின்றன.

இந்த வைரஸ் உடலுறவு வழியாகவும் பரவும் என்று ரிப்போர்ட்டைப் படித்த ஒரு உறவுக்காரர் பெரியம்மா காதில் போட்டுவிட்டார். புகையிலைப் பழி போய் இந்தப் பழியா? பெரியம்மாவை அடுப்படியில் உட்கார வைத்துப் பேசினேன். "இது சளி மாதிரி ஊருக்கே வந்து போற வைரஸ் பெரியம்மா. எந்த வருஷம், யார்கிட்டருந்துன்னு யாராலயும் சொல்ல முடியாது." ஆஸ்திரேலியாவில் என் மகனுக்குப் பள்ளியிலேயே இதற்குத் தடுப்பூசி போட்டதையும் சொன்னேன். அங்கே 2013 முதல் பையன்களுக்கும் போடுகிறார்கள்.

பெரியம்மா எதுவும் பேசவில்லை. களியைக் கரைத்துக் கூழாக்கி, ஆற்றி, பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "நான் பீடி குடிக்கலன்னு இதுல எங்கம்மா எழுதியிருக்கு?"