கார்டா ஏரி, வெனிஸ், அப்புறம் சொகுசுக் கப்பல்: இந்த பேக்கேஜ் வாங்கலாமா?

வட இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் நான்கு இரவு, வெனிஸில் இரண்டு, அங்கிருந்து ஏட்ரியாட்டிக் கடலில் ஏழு இரவு கப்பல். டிராவல்ஸ்காரர்கள் விற்கும் இந்தப் பேக்கேஜில் ஊர்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கலெல்லாம் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு மாறும் நாட்களில்தான். முன்பணம் கட்டுவதற்குள் அந்த நாட்களைத் தோண்டித் துருவிப் பார்த்துவிட வேண்டும்.

முதல் கேள்வி: கப்பல் உண்மையில் எங்கே நிற்கிறது? பிரசுரத்தில் 'வெனிஸ்' என்றுதான் போட்டிருக்கும். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னேஜுக்கு (கப்பலின் உட்கொள்ளளவைச் சொல்லும் கணக்கு) மேற்பட்டதோ, 180 மீட்டருக்கு மேல் நீளமானதோ, 35 மீட்டருக்கு மேல் உயரமானதோ ஆன கப்பல் வெனிஸின் நடுவிலுள்ள சான் மார்க்கோ படுகைக்குள்ளும் ஜூடெக்கா கால்வாய்க்குள்ளும் வரக் கூடாது. சொகுசு ரகத்திலேயே பல கப்பல்கள் 40,000 டன்னேஜைத் தாண்டியவை. ஆகவே மார்கெரா, த்ரியெஸ்தே, ரவென்னா ஆகியவற்றில் ஒன்றுதான் உங்கள் துறைமுகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மார்கெரா என்றால் கவலை வேண்டாம், வெனிஸுக்கு எதிரே நிலப்பகுதியில்தான் இருக்கிறது. த்ரியெஸ்தேவும் நல்லதே: வெனிஸிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், ஸ்டேஷனிலிருந்து கடலோரமாக நடந்தே கப்பல்துறைக்குப் போய்விடலாம், ஊரும் ஓர் இரவு தங்கிப் பார்க்கத் தகுந்தது. ரவென்னாதான் தலைவலி. கப்பல்துறை இருப்பது ஊரைவிட்டுத் தள்ளி, போர்த்தோ கொர்சீனி கடற்கரையில். வெனிஸிலிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம். அந்த பஸ் கட்டணம் பேக்கேஜில் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போதைவிடத் திரும்பும்போதுதான் இந்தத் தூரம் கடிக்கும். காலையில் கப்பலைவிட்டு இறங்கி மதியம் 12 மணி விமானத்தை வெனிஸில் பிடிக்கலாம் என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பாதீர்கள். மாலை 3 மணிக்குப் பிந்திய விமானமாகப் போடச் சொல்லுங்கள்.

ஏரிப் பகுதிக்கு வருவோம். மிலான்-வெனிஸ் ரயில் பாதையில் கார்டாவுக்கு இரண்டு ஸ்டேஷன்கள்: தெசென்சானோ, பெஸ்கியெரா. ஹோட்டல் பட்டியல் நீளமாக இருப்பது தெசென்சானோவில். ஆனால் அங்கே ஸ்டேஷன் மேட்டில் இருக்கிறது. ஊருக்குள் போகும்போது இறக்கம், கிளம்பும் நாளில் இருபத்து மூன்று கிலோ பெட்டியோடு ஏற்றம். பெஸ்கியெராவில் தரை சமம், படகுத்துறைக்குப் பத்து நிமிட நடைதான். கப்பலுக்கான பெரிய பெட்டிகளோடு வருபவர்களுக்கு எங்கள் ஓட்டு பெஸ்கியெராவுக்கே. வெரோனாவும் அங்கிருந்து ரயிலில் கால் மணி நேரம்தான். கோடையில் அங்குள்ள ரோமானிய அரங்கில் ஓபரா பார்ப்பதானால் கல் படிக்கட்டு டிக்கெட்டுக்கு ஒரு குஷன் அவசியம்.

ஏரியின் தென்கரையிலுள்ள சிர்மியோனே ஊரைக் காலை ஒன்பதுக்குள் பார்த்துவிடுங்கள். கோட்டையருகே உள்ள ஒற்றைப் பாலம்தான் பழைய ஊருக்குள் போகும் வழி. பதினோரு மணிக்கு மேல் ஐஸ்கிரீமும் தள்ளுவண்டியுமாக அது அடைத்துக்கொள்ளும். ஏரியின் தென்முனையிலிருந்து வடமுனையிலுள்ள ரீவாவுக்குச் சாதாரணப் படகு நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். ஒரே நாளில் போய்த் திரும்ப அதை நம்பாமல் வேகப் படகு நேரத்தைப் பாருங்கள். ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள மால்செசினேயில் மொந்தே பால்தோ மலைக்கு ஏறும் கேபிள் கார் சுழன்றுகொண்டே 1,700 மீட்டருக்கு மேல் போகும். ஜூலையிலும் மேலே ஸ்வெட்டர் வேண்டும். மதியத்துக்குப் பிறகு தெற்கிலிருந்து 'ஓரா' காற்று கிளம்பும். படகில் மேல்தட்டில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்வது உத்தமம்.

வெனிஸில் பெட்டிதான் எதிரி. பாலத்துக்குப் பாலம் படி. சுமை அதிகமென்றால் எதிரே நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயில் தங்குங்கள், ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நீர்ப்பேருந்து ஒருமுறை டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும்; மூன்று முறைக்கு மேல் ஏறுவீர்களென்றால் நாள் பாஸ் லாபம். சில குறிப்பிட்ட நாட்களில் பகல்நேர வருகையாளருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. 2025-இல் 5 யூரோ, கடைசி நேரத்தில் பதிந்தால் 10. மெஸ்த்ரே உட்பட மாநகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவருக்கு விலக்கு. ஆனால் அதற்கும் ஆன்லைனில் பதிந்து க்யூஆர் கோடு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது விசா. குரோஷியா 2023-இலிருந்து ஷெங்கனுக்குள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டம்) வந்துவிட்டது. மான்டினீக்ரோ இன்னும் வெளியே. கப்பல் அந்த நாட்டின் கோட்டோர் துறைமுகத்தில் நின்றால் நீங்கள் ஷெங்கனைவிட்டு வெளியேறித் திரும்ப நுழைகிறீர்கள். சிங்கிள் என்ட்ரி விசா மட்டும் இருந்தால் கப்பலில் ஏற்றவே மறுக்கக்கூடும். விண்ணப்பத்திலேயே மல்டிப்பிள் என்ட்ரி கேட்டு, கப்பலின் வழித்தடத் தாளையும் இணையுங்கள். அந்தக் கோட்டோர்தான் பயணத்தின் உச்சம் என்பது வேறு விஷயம். மலைகளுக்கிடையே வெரிகே நீரிணையின் குறுகலில் கப்பல் மெல்ல நுழையும்போது, பெராஸ்ட் எதிரே இரண்டு குட்டித் தீவுகள் தெரியும். பெரும்பாலும் விடிகாலையிலேயே நடந்துவிடும், அலாரம் வையுங்கள்.

சொகுசுக் கப்பலில் டிப்ஸும் பெரும்பாலான பானங்களும் கட்டணத்திலேயே அடங்கும். பெரிய கப்பலின் மலிவு கேபினோடு விலையை ஒப்பிடும்போது இதைக் கழித்துப் பாருங்கள்; வித்தியாசம் பாதியாகச் சுருங்கவும் கூடும். மது அருந்தாதவருக்கு அந்தக் கணக்கு செல்லாது, பெரிய கப்பலில் பால்கனி கேபினே போதும். முட்டையும் இல்லாத சைவம் வேண்டுமானால் புக்கிங்கின்போதே எழுதிக் கொடுங்கள், ஏறிய பிறகு கேட்டால் பாஸ்தாதான். மருந்தும் பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டி கேபினுக்கு வர மாலையாகலாம். கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஸ்கேனரில் பார்த்ததும் எடுத்து வைத்துவிடுவார்கள். இறங்கும் நாளில்தான் கைக்கு வரும்.