தலைகீழ் லென்ஸும் சிலந்திகளும்: நான்கு வருட அனுபவம்

கேமராவில் லென்ஸைத் திருப்பி மாட்டினால் சின்னப் பொருளும் பெரிதாகத் தெரியும். அப்படி மாட்டிச் சிலந்தி படம் எடுக்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. கையில் இருந்தது பழைய கேனான் கேமராவும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும். புதிதாக வாங்கியது ரிவர்ஸ் ரிங் மட்டும். அதன் ஒரு பக்கம் லென்ஸின் முன்னால் ஃபில்டர் மாட்டும் மரையில் திருகும், மறுபக்கம் கேமராவில் பூட்டும்.

இப்படி மாட்டினால் ஏறக்குறைய 1:1 கிடைக்கும். அதாவது கேமராவுக்குள் படம் பதியும் 22 மி.மீ. அகல சென்சாரில் 22 மி.மீ. அகலக் காட்சி விழும். வலை நடுவே எக்ஸ் போலக் கால் விரித்திருக்கும் சிலந்திக்கு அது தாராளம். சுவரில் திரியும் குதிக்கும் சிலந்தி ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அதற்குக் கேமராவோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸைத் திருப்புகிறேன். மரை அளவு வேறு என்பதால் இன்னொரு ரிங் வேண்டும். திருப்பிவிட்டால் 18-இல்தான் உருவம் மிகப் பெரிதாக வரும்.

லென்ஸைத் திருப்பியதும் கேமராவோடு அதற்குத் தொடர்பு அறுந்துவிடும். அதனால் முதலில் லென்ஸை நேராக மாட்டி, ஒளி நுழையும் துவாரத்தை எஃப்/8-இல் வைத்து, துவாரத்தைச் சுருக்கிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்ட் பொத்தானை அழுத்தியபடியே கழற்ற வேண்டும். துவாரம் அதே அளவில் நின்றுவிடும். கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருட்டாகிவிடுவது உண்மையான சிரமம். சிறிய டார்ச் ஒன்றைக் கேமராவில் ரப்பர் பேண்டால் கட்டிச் சமாளிக்கிறேன்.

முதல் வருடப் படங்கள் பெரும்பாலும் வீண். குறை லென்ஸில் இல்லை, வெளிச்சத்தில். ஃபிளாஷ் நேராக அடித்தால் சிலந்தியின் முதுகு வெள்ளையாக வெளுத்துவிடும், லென்ஸின் நிழல் வேறு குறுக்கே விழும். சிப்ஸ் டப்பாவை வெட்டி, உள்ளே பளபளக்கும் பக்கம் ஃபிளாஷ் ஒளியை லென்ஸுக்கு மேலாக முன்னால் கொண்டுவரும்படி பொருத்தினேன். டப்பாவின் திறந்த முனையில், ஆப்பிளைச் சுற்றிவரும் வெள்ளை ஃபோம் இரண்டு அடுக்கு. அன்றுதான் சிலந்தியின் ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. காசு செலவழிப்பதானால் லென்ஸுக்குச் செலவழிக்கும் முன் ஃபிளாஷுக்குச் செலவழியுங்கள் என்றே சொல்வேன்.

அப்புறம் கை. ஃபோகஸ் நிற்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, காற்றில் இலை ஆடினாலே போச்சு. இடது கையால் இலைக்காம்பைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். சிலந்தியும் கேமராவும் சேர்ந்தே ஆடும். உடம்பை மெல்ல முன்னால் நகர்த்தி, சிலந்தியின் கண் தெளிவாகும் நொடியில் அழுத்த வேண்டும்.

குதிக்கும் சிலந்தியின் முன்கண்கள் ஒரு படத்தில் கன்னங்கரேலென்றும், அடுத்ததில் தேன்நிறமாகவும் வந்தன. கேமரா கோளாறு என்று நினைத்தேன். கண்ணின் வெளிவில்லை அசையாமல் இருக்க, உள்ளேயுள்ள விழித்திரைக் குழாய் திரும்புவதால் வரும் மாற்றம் அது. நம்மை அது பார்க்கிறது! முயிறு எறும்பு மாதிரி வேடமிடும் சிலந்தியையும் கண்டேன். முன்காலை உணர்கொம்பு போலத் தூக்கியிருந்தது. எட்டுக் கால் எண்ணிய பிறகே நம்பினேன்.

குறைகளும் உண்டு. லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி வெளியே தெரிவதால் முள், தூசு படும். அடிக்கடி கழற்றி மாட்டுவதால் சென்சாரிலும் தூசு ஏறும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு லென்ஸை டப்பாவில் வைக்கிறேன்.

சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்கவென்றே செய்த அசல் மேக்ரோ லென்ஸ் வாங்கலாமா என்று இந்த வருடம் யோசித்தேன். இப்போதைக்கு வேண்டாம். கறிவேப்பிலைச் செடியில் ஒரு தாய்ச்சிலந்தி முட்டைப்பையோடு உட்கார்ந்திருக்கிறது. குஞ்சு வரும்வரை தினமும் காலையில் எடுக்க வேண்டும்.