செவலையும் உண்ணியும்: நான்கு ஆண்டுகளாகப் போட்ட மருந்துகள்

எங்கள் செவலை ஒரு பெட்டை நாட்டு நாய், எடை 16 கிலோ. மதுரையில் தரைத்தளத்து வீடு, பின்னால் சின்ன முற்றம், காரை பெயர்ந்த பழைய சுற்றுச்சுவர். சுவரை ஏன் சொல்கிறேன் என்றால், உண்ணிக்கு எந்த மருந்து நல்லது என்று யார் கேட்டாலும் "உங்கள் வீட்டுச் சுவர் எப்படி?" என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன்.

முதல் ஆண்டு முழுக்கப் பவுடர், சோப்பு, வேப்பெண்ணெய். வேப்பெண்ணெய் தடவிய அன்று அவள் உடம்பை நக்கிக்கொண்டே இருப்பாள். மூன்றாம் நாள் காது மடலைத் திருப்பிப் பார்த்தால் உண்ணி பழையபடி ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஃபிப்ரோனில் சொட்டு மருந்துக்கு மாறினேன். மாதம் ஒருமுறை, பிடரியில் முடியைப் பிளந்து தோலில் படும்படி விடவேண்டும். முடி மேல் வழிந்தால் வீண். அந்த மருந்து தோலின் எண்ணெய்ப் பசையில்தான் பரவுகிறது. நானோ ஞாயிறுதோறும் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரமே உண்ணி தலைகாட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். வெளியே அதிகம் போகாத நாய்க்கு இது போதும் என்றே நினைக்கிறேன்.

2022 ஐப்பசியில் அவளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. சோற்றில் கிடக்கும் முட்டையை முதலில் பொறுக்கித் தின்பவள், அன்று முட்டையை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதலில் காட்டிய இடத்தில் வெறும் சூடு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் வீணானது. உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு வெளுத்திருந்தது, மூக்கு நுனியில் ஒரு சொட்டு ரத்தம். வேறு மருத்துவரிடம் ஓடினோம். ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் வெறும் 38,000, மிகவும் குறைவு. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா கிருமி. டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து 28 நாள், சாப்பாட்டோடுதான் கொடுக்கவேண்டும். ஒரு வாரத்தில் தேறிவிட்டாள், ஆனாலும் 28 நாளையும் முடித்தோம். உங்கள் நாய் இரண்டு வேளை சாப்பிடவில்லை, ஈறும் வெளுத்திருக்கிறது என்றால் தயவுசெய்து அன்றே ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த மருத்துவர்தான் வீட்டைப் பார்க்கச் சொன்னார். நாய் உண்ணி வாழ்நாளில் பெரும்பகுதியை நாய் மேல் கழிப்பதில்லை. குஞ்சாக, இடைப்பருவமாக, வளர்ந்ததாக மூன்று முறை ஏறி ரத்தம் குடிக்கிறது. மூன்று முறையும் கீழே இறங்கி இடுக்கில் ஒளிகிறது. ஆமணக்குக் கொட்டை போல ஊதிய பெண் உண்ணி சுவரில் மேல்நோக்கி ஏறிப்போய் முட்டையிடும். அன்றிரவு டார்ச் அடித்துப் பார்த்தோம். அவள் படுக்கும் சாக்கிலிருந்து ஆறடி உயரத்தில், சாமி படத்துக்குப் பின்னால், கசகசாவை விடப் பொடியாக, பழுப்பாகப் பளபளத்துக்கொண்டு ஒரு முட்டைக் குவியல். ஒரு உண்ணியே ஆயிரக்கணக்கில் இடுமாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கதவு நிலை இடுக்கையும் சுற்றுச்சுவர் விரிசலையும் சிமெண்ட் வைத்து அடைத்தோம். சாக்கை எரித்துவிட்டு, வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கிற மாதிரி பருத்தி விரிப்பு போட்டோம். பூச்சிமருந்து அடிப்பவரை வரவழைத்து, செவலையையும் பூனையையும் அக்கா வீட்டில் விட்டு, தரை காய்ந்தபிறகே அழைத்து வந்தோம். மருந்து முட்டையைக் கொல்லாது என்பதால் மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை அடித்தோம்.

நாய்க்கு அப்போதிலிருந்து ஃப்ளூராலனர் என்ற உண்ணி மாத்திரை. 12 வாரத்துக்கு ஒன்று, எடைக்கேற்ற அளவு, வயிறு நிறையச் சாப்பிட்டதும் கொடுக்கவேண்டும். ஒரு மாத்திரைக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய் ஆகிறது. முதல் தடவை ஒருநாள் வயிற்றுப்போக்கு, அப்புறம் ஒன்றுமில்லை. உண்ணி கடித்தால்தான் சாகும், அதனால் மேலே அங்கொன்று இங்கொன்று தெரிந்தால் பதறவேண்டாம். வலிப்பு வந்த நாய்க்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைக் கொடுக்காதீர்கள். இந்த வகை மருந்துகள் பற்றி 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது.

வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள். நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவே பூனையைக் கொன்றுவிடும்.

குடற்புழுவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனி மாத்திரை. வால் அடியில் அரிசி போல ஏதாவது நெளிந்தால் அது நாடாப்புழுத் துண்டு. தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்கும்போது வருவது, அதனால் தெள்ளையும் சேர்த்தே ஒழிக்கவேண்டும்.

மாத்திரை இருந்தாலும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு காது மடல், கால் விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தடவிப் பார்ப்பதை நான் விடவில்லை. கிடைத்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் புட்டியில் போடுகிறேன், விரலால் நசுக்குவதில்லை. போன கோடையில் ஒரு மாதம் முழுக்க அந்தப் புட்டியில் விழுந்தது இரண்டே இரண்டு. முதல் ஆண்டில் ஒரே நாளில் இருபது எடுத்திருக்கிறேன்.